பெடலுக்குள் ஷீல்ட் வயர்: எங்கே போடலாம், எங்கே தேவையில்லை

சொந்தமாகச் சொல்டர் பண்ணிய கிற்றார் டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்ததும் 'ம்ம்ம்' என்று உறுமினால், உடனே எல்லா வயரையும் ஷீல்ட் வயராக (நடுவில் சிக்னல் போகும் கோர், அதைச் சுற்றிச் சத்தத்தைத் தடுக்கும் கம்பிப் பின்னல்) மாற்றத் தோன்றும். வேண்டாம். சரியான இடத்தில் இரண்டு துண்டு போட்டால் போதும். திருகோணமலையில் தேவாலயப் பாடகர் குழுவிலும் உப்புவெளி ஹோட்டல்களிலும் வாசிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கிற்றாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்புங்கள். திசைக்குத் திசை உறுமல் கூடிக் குறைந்தால் அது பிக்கப் இழுக்கிற சத்தம். சிங்கிள் காயில் பிக்கப்பில் இது வழமை, பெடல் வயரை மாற்றிப் பயனில்லை.

அடுத்து அடப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பற்றரி போடுங்கள். உறுமல் நின்றால் குற்றம் அடப்டரில்தான். நமது கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சரியாக வடிகட்டாத அடப்டர் 50 அல்லது 100 ஹேர்ட்ஸ் உறுமலை அப்படியே பெடலுக்குள் அனுப்பும்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மூடியைப் பூட்டிவிட்டுக் கேளுங்கள். பெடல் சர்க்கிட்டின் எர்த்தோடு தொடுத்த அலுமினியப் பெட்டியே நல்ல ஷீல்ட். மூடி திறந்திருந்தால் மேசை விளக்கின் சத்தம்கூட உள்ளே வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரைச்சல் நிற்கவில்லையா, கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டக் கூட்ட 'கீ' என்று கத்துகிறதா? இனி வயரைப் பார்க்கலாம்.

எந்த வயர்?

இன்புட் ஜாக்கிலிருந்து ஃபுட்சுவிச் வரை ஒன்று, ஃபுட்சுவிச்சிலிருந்து சர்க்கிட் போர்டின் இன்புட் வரை இன்னொன்று. அங்கே சிக்னல் மிகச் சின்னது, இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின் தடை) அதிகம், பல பெடல்களில் 1 மெகாஓம் அளவு. அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிற சத்தம் சிக்னலோடு சேர்ந்து பல நூறு மடங்கு பெருகும். அவுட்புட் வயர் பக்கத்தில் ஓடினால் பெருகிய சிக்னல் திரும்ப இன்புட்டுக்குள் புகும், அந்தக் கத்தல் அதுதான். எல்ஈடிக்கும் பவருக்கும் சாதாரண வயரே நல்லது.

கடையில் ஒற்றைக் கோர் மெல்லிய மைக் வயர் கேளுங்கள். 2.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆர்ஜி-174 கிடைத்தால் இன்னும் வசதி. அதன் கொள்ளளவம் மீற்றருக்கு 100 பிக்கோஃபரட் அளவு, அதனால் 10 சென்ரிமீற்றர் துண்டு உங்கள் ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகளை) தின்னாது.

சொல்டர் பண்ணும் முறை

வெளித்தோலை 15 மில்லிமீற்றர் அளவு உரியுங்கள். பிளேடை அழுத்தினால் பின்னல் கம்பிகள் அறுந்துவிடும், சுற்றிவர மெல்லக் கீறி இழுத்தால் போதும். பின்னலைக் குண்டூசியால் பிரித்து, ஒரு பக்கமாகத் திரித்து, ஈயம் பூசுங்கள். உள் கோரில் 4 மில்லிமீற்றர் மட்டும் உரியுங்கள்.

இங்கேதான் கவனம். உள் இன்சுலேஷன் பொலித்தீன் வகை என்றால் சூட்டில் சட்டென்று உருகும். கோர் சரிந்து பின்னலைத் தொட்டால் சிக்னல் முழுக்க எர்த்துக்குப் போய்விடும், பெடலில் சத்தமே வராது. சொல்டர் இரும்பு 350 பாகை செல்சியசில் இருக்கட்டும், ஒன்றிரண்டு விநாடியில் தொட்டு எடுங்கள். ஆறியதும் கோருக்கும் பின்னலுக்கும் இடையில் மல்டிமீற்றரை (தொடர்பிருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வையுங்கள். பீப் அடிக்கக் கூடாது. இதை ஃபுட்சுவிச்சில் பொருத்த முன்னரே பாருங்கள், கிற்றாரைச் செருகினால் மீற்றர் குழம்பும்.

ஒரு முனை மட்டும் எர்த்

ஜாக் பக்கத் துண்டின் பின்னலை ஜாக்கின் எர்த் காலில் பற்றவையுங்கள். ஃபுட்சுவிச் பக்க முனையை வெட்டி, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். இரண்டாவது துண்டுக்குப் போர்டு பக்கம் எர்த், மறுமுனை சும்மா. இரு முனையும் தொடுத்தால் எர்த் வளையம் உருவாகி, ஷீல்டிலேயே கரண்ட் ஓடும். ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகிற எர்த் வயரைக் கழற்றிவிடாதீர்கள். ஷீல்ட் அந்த வேலையைச் செய்யாது.

நம்ம ஊரில் இன்னொன்று. கடற்காற்றில் வெறும் செம்புப் பின்னல் கறுத்துப்போகும், வெள்ளீயம் பூசிய பின்னல் உள்ள வயரை வாங்குங்கள். ஜாக் நட்டும் உப்புப் பிடித்தால் பெட்டியின் எர்த் விட்டுப்போய் உறுமல் திரும்ப வரும். ஜாக் உட்காரும் இடத்தில் உள்பக்கப் பெயின்ற்றைச் சுரண்டி, நட்டை இறுக்குங்கள்.

மூடியைப் பூட்டி, கெயினை முழுதாக ஏற்றிக் கேளுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும் மிஞ்சினால் அது ரெசிஸ்டரும் ட்ரான்சிஸ்டரும் போடுகிற சத்தம். அதற்கு ஷீல்ட் மருந்தல்ல, வாசிக்கத் தொடங்குங்கள்.