வன்னிக்கு ஒரு பெண் துப்பறிவாளரை அனுப்புவதென்றால்

துப்பறியும் கதை எழுத ஆசைப்படும் நம்மாட்கள் பலர் கொழும்பிலோ சென்னையிலோ நடக்க வேண்டிய கதையைத் தூக்கி வந்து இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள மாங்குளத்தில் வைத்துவிடுகிறார்கள். கறுப்புக் கண்ணாடி, கைத்துப்பாக்கி, கதவில் பெயர் எழுதிய அலுவலகம். கிளிநொச்சியில் ஒரு பெண் அப்படியொரு பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டால் மறுநாள் விடிவதற்குள் அவள் யாருடைய ஆள், யார் காசு கொடுக்கிறார்கள், எந்த ஊர்ப் பிள்ளை, ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்பதெல்லாம் சந்தை வரைக்கும் போய்விடும். ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது கொலையை அல்ல, அவள் என்ன வேலை பார்ப்பதாக ஊர் நினைக்கிறது என்பதை.

என் தெரிவு, காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் சில வருடம் வேலை பார்த்து இப்போது தனியாகக் காணிப் பத்திரம் தேடிக் கொடுக்கும் பெண். அவள் எந்த வீட்டுப் படலையில் நின்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் வன்னியில் காணிப் பிரச்சினை இல்லாத வீடு குறைவு. நுண்கடன் வசூலிக்கிறவளாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்காரி பின்பக்கத்தால் போய்விடுவாள். முன்னாள் போராளி என்ற பாத்திரமும் எனக்கு அலுத்துவிட்டது. எழுதத்தான் வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆனால் துணிச்சலுக்குக் குறுக்குவழியாக அதைப் பிடிக்காதீர்கள்.

காசு கொடுப்பவர் அநேகமாக வெளிநாட்டில் இருப்பார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்காரன் என்று வைத்துக்கொள்வோம், அவன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அழைத்தால் இவளுக்கு அது விடியப்புறம். அவனுக்கு ஏன் இத்தனை வருடம் கழித்து அண்ணன் செத்த காரணம் தேவைப்படுகிறது? பாசம் என்று மட்டும் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். காணியைக் கொண்டு வாருங்கள். அது சொந்த உரிமை எழுதிய உறுதிக் காணியா, அல்லது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தில் கிடைத்த காணியா, செத்தவர் தனக்குப் பின் யாருடைய பெயரைப் பதிந்து வைத்திருந்தார் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

இனி மரணம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டத்தில் குந்தினார்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. அந்தக் கேள்விகளை எடுத்துப் புதிராக்கி, கடைசி அத்தியாயத்தில் ஒரு துப்பறிவாளர் விரல் நீட்டி விடை சொல்வது போல எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சின்ன மரணத்தை எடுங்கள். ஒரு மனிதன், ஒரு வயல் வரம்பு. நீங்கள் கூப்பிடாமலே யுத்தம் கதைக்குள் வரும்: தொலைந்த காகிதமாக, இடம்பெயர்ந்த சாட்சியாக, திரும்பி வந்தபோது அடையாளம் மாறிக் கிடந்த வளவாக.

மரணம் நடந்தது எந்த வருடம் என்பதை முதலே முடிவுசெய்யுங்கள், பிறகு மாற்றினால் எல்லாம் குழம்பும். 2005 என்றால் ஓமந்தைக்கு வடக்கே புலிகளின் கட்டுப்பாடு, அவர்களுடைய காவல்துறை, அவர்களுடைய நீதிமன்றம். அன்றைய விசாரணைக் காகிதத்தைத் தேடி அவளை அலைய விடுவதைவிட, அன்று அதை எழுதியவர் இன்று எங்கேயோ பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் என்று எழுதுவது பலன் தரும். 2012 என்றால் மீள்குடியேற்றம் நடந்து கொஞ்சக் காலம், தகரக் கொட்டில், அரைகுறை வேலி. நான் 2016ஐ எடுப்பேன். கம்பத்தில் கரண்ட் வந்துவிட்டது, கையில் போன் இருக்கிறது, ஆனால் பழைய பழக்கங்கள் போகவில்லை.

கரண்ட் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாரிமழையில் செய்யும் காலபோக நெல் பால்பிடிக்கும் நேரம் பன்றி இறங்கும். சிலர் வீட்டு லைனிலிருந்து களவாகக் கம்பி இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுவார்கள். இது சட்டவிரோதம், இலங்கை முழுக்க இதனால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், யானைகளும் செத்திருக்கின்றன. விடியப்புறம் தண்ணீர் பார்க்கப் போன கமக்காரர் அதில் கால் வைக்கிறார். பக்கத்து வயல்காரன் கண்டதும் முதலில் செய்வது கம்பியைச் சுருட்டுவது, பிறகுதான் கூக்குரல். நாலு பேர் சேர்ந்து உடலை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறார்கள், இடமும் மாறிவிட்டது, "பாம்பு" என்று யாரோ சொல்ல எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மின்சாரம் தோலில் எரிகாயத் தடம் வைக்கும்தான், ஆனால் ஈரமான தோலில் அது தெரியாமலும் போகலாம். ஆகவே முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தும் காரணம் நிச்சயமாகவில்லை, திடீர் மரண விசாரணை அதிகாரி காரணத்தை முடிவுசெய்யாமல் திறந்த தீர்ப்பு எழுதினார் என்று கொண்டுபோகலாம். வைத்தியரை முட்டாளாக்கத் தேவையில்லை. அது மலிவான வழி.

உங்கள் ஆள் முதல் முடிச்சை அவிழ்ப்பது இங்கே. மரணச் சான்றிதழில் பாம்பு இல்லை, ஊர் வாயில் மட்டும்தான் பாம்பு. வயலில் கடிக்கிறது பெரும்பாலும் கண்ணாடிப் புடையன், அது கடித்தால் கால் வீங்கும், இரத்தம் கசியும். அடையாளமே இல்லாமல் கடித்துவிட்டுப் போகிற கட்டுவிரியன் அநேகமாக இரவில் வீட்டுக்குள் நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். "கால் வீங்கியிருந்ததோ?" என்ற ஒரு கேள்வி போதும். உடலைக் குளிப்பாட்டியவர்களிடம் அதைக் கேட்க வேண்டும்.

விசாரிக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அன்று காலை ஐந்தரைக்கு எங்கே இருந்தீர்கள்?" என்று வன்னியில் ஒரு பெண் கேட்டால் மறு நிமிடம் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி வைத்துவிடுவார்கள். சனங்களுக்குத் திகதி ஞாபகம் இராது, மனஸ்தாபம் ஞாபகம் இருக்கும். செத்தவீட்டுக்கு யார் வரவில்லை, பாடை தூக்கக் கூப்பிட்டும் யார் விலகி நின்றார், எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு யார் அளவுக்கு மீறிக் காசு கொடுத்தார், இவற்றை அவள் கேட்கட்டும். அதுவும் முன் விறாந்தையில் இல்லை, குசினியில், தேங்காய் துருவிக்கொண்டு. ஆண் துப்பறிவாளர் ஒருவருக்குக் கிடைக்காத இடம் அது. ஒரு சின்னத் துண்டு எழுதிக் காட்டுகிறேன்:

"ஆச்சி, அண்டைக்கு உங்கட பக்கம் ஆர் சமைச்சது?"

"ஆர் சமைக்கிறது பிள்ளை? பிணம் கிடக்கேக்கை ஆர் அடுப்பு மூட்டுவினம்? கிழக்கு வளவுக்காரி மட்டும் பத்து மணிக்கே தாளிச்சவள். இறைச்சி மணம். நான் இண்டைக்கும் அவளோட கதைக்கிறேல்லை."

ஆச்சிக்கு அது ஆசாரக் குறை. உங்கள் ஆளுக்கு அது பன்றி. அந்த இரவு கம்பியில் இரண்டு விழுந்திருக்கின்றன, ஒன்றைச் செத்தவீட்டுக்குத் தூக்கினார்கள், மற்றதைப் பங்கு போட்டார்கள். யார் யாருக்குப் பங்கு போனது என்று தேடினால் கம்பி விஷயம் தெரிந்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் தானாக வந்துவிடும். இதை அவள் அங்கேயே வாய்விட்டுச் சொல்லக் கூடாது, தேங்காயைத் துருவி முடிக்கட்டும்.

அவளுக்கு அதிகாரம் எதுவும் இல்லை என்பதை மறக்காதீர்கள். யாரையும் அழைத்து வாக்குமூலம் எடுக்க முடியாது, போன் அழைப்பு விபரங்கள் நீதிமன்றம் கேட்டால்தான் வரும், பொலிஸ் அவளுக்குக் கோப்பைத் திறந்து காட்ட வேண்டியதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விசாரணை பாதிக்கப்படும் என்று மறுத்தால் இன்னும் நல்லது, மூடிய கோப்பு என்று சொன்னவர்களே விசாரணை நடக்கிறது என்கிறார்கள் என்று அவள் பிடித்துக்கொள்வாள்.

சட்டத்தில் இன்னொரு இடம் கதைக்குப் பொன் மாதிரி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி கொலைக்குக் கால எல்லை இல்லை, மற்றக் குற்றங்களில் பெரும்பாலானவைக்கு 20 வருடம். கம்பி கட்டியது கவனயீனம். ஆனால் பக்கத்து வயல்காரன் வந்தபோது அவர் உயிரோடு கிடந்தாரா, கரண்டை நிறுத்தாமல் நின்றானா? அப்படியென்றால் கேள்வியே வேறு. இதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்க முடியும், அவர் செத்தவருடைய மனைவியாக இருந்தால் கதை இறுகும். அவ தெரிந்துகொண்டே பேசாமல் இருந்திருக்கலாம், ஏனென்றால் கம்பி கட்டிய அந்தப் பக்கத்து வயல்காரன் அவவின் சொந்தத் தம்பி, அறுவடைக்கு உழவு மிசின் அவனுடையது, மூத்தவளின் படிப்புச் செலவும் அவன்தான்.

முடிவை எழுதும்போது பொலிஸ் ஜீப் வந்து நிற்கும் காட்சியை எடுத்தெறியுங்கள். ரொறன்ரோக்காரனுக்கு விடை வேண்டும், அவன் காசு கொடுத்திருக்கிறான். மனைவிக்கு விடை தேவையில்லை, அவவுக்குக் காணிப் பத்திரத்தில் பெயர் வேண்டும். இந்த இருவரில் யாருக்கு அறிக்கையை முதலில் கொடுக்கிறாள் என்பதை உங்கள் ஆள் தீர்மானிக்கட்டும். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டு, முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்கிற யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். கொலைகாரன் யார் என்பதை அவர் எப்படியும் கம்பி வரும் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மார்கழி மாதம் அந்த வரம்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், செத்தவீட்டுக்கு யார் முதலில் வருவார்கள் என்பதில் அவர் என்ன திருத்தம் சொல்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.