ஸ்டியரிங் மொடியூல் மேல் பழிபோடும் முன்

ஸ்டியரிங் இறுகி, டாஷ்போர்டில் இ.பி.எஸ். (ஸ்டியரிங்கைத் திருப்ப மின் மோட்டரால் உதவும் அமைப்பு) லைட் எரியத் தொடங்கினால் நம் பக்கத்துக் கராஜ்களில் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "மொடியூல் போயிட்டு" என்பதுதான். மொடியூல் என்பது அந்த மோட்டரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. சொன்ன கையோடு கொழும்புக்குப் போன் எடுத்து, வேறொரு காரில் கழற்றிய மொடியூலைப் பெருங்காசு கொடுத்து எடுப்பிக்கிறார்கள். அதைப் பூட்டிய பிறகும் அந்த லைட் அணையாமல் நின்ற கார்களைப் பார்த்திருக்கிறேன். காசும் போய், காரும் சரிவராமல் நிற்பவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

முதலில் பற்றரி. ஸ்டியரிங் மோட்டர் நேர் வீதியில் மிகக் குறைவாகவே மின் எடுக்கும். கார் நின்ற இடத்தில் சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் 40, 50 அம்பியர் வரை இழுக்கும். தளர்ந்த பற்றரியில் அந்த நேரம் வோல்ட் விழ, மொடியூல் உதவியைக் குறைத்து லைட்டைப் போட்டுவிடும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்; இஞ்சின் ஓடும்போது வழக்கமான ஓல்டனேட்டர் என்றால் 13.5க்கும் 14.5க்கும் இடையில். ஹைபிரிட் கார்களில் இது கொஞ்சம் வேறுபடும்.

பற்றரி நல்லதென்றால் ஏர்த் வயர், அதாவது மொடியூலில் இருந்து மின் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மட்டக்களப்பு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிறது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று தெற்கே போனாலும் அதே உப்புக்காற்றுதான். மாரி வெள்ளத்தில் ஒரு தரம் நனைந்த கார் என்றால் கேட்கவே வேண்டாம், செம்பு முனையெல்லாம் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். இதை ஓம் (மின்தடை) அளவில் மீற்றரை வைத்துப் பார்த்து "ஏர்த் சரி" என்று விடுவது பெரிய தவறு. ஓம் பார்க்கும்போது மீற்றர் அனுப்புவது துளி மின்னோட்டம். வயருக்குள் ஒரே ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் கிட்டத்தட்ட பூச்சியம் என்றே காட்டும். 40 அம்பியர் அந்த ஒற்றை நூலால் போகுமா?

இஞ்சினை ஓடவிட்டு, மீற்றரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பற்றரியின் மைனஸில், மற்றது மொடியூலின் ஏர்த் முனையில். இன்னொருவர் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் பிழை அந்த வயரில். பிளஸ் பக்கத்தையும் பெரிய பியூஸ் உட்பட இதேபோலப் பாருங்கள். கனெக்டர் பின்களை மண்தாளால் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். கொன்டாக்ட் கிளீனர் போதும். வயரின் தோலில் ஊசி குத்தியும் பார்க்காதீர்கள். நம் காற்றுக்கு அந்தத் துளை வழியாகவே அடுத்த களிம்பு தொடங்கும்.

அப்புறம் ஸ்கேனர், காரின் மொடியூல்களில் பதிந்த பிழைக் கோட்களை வாசிக்கும் கருவி. கோட்களை எழுதி வைக்காமல் அழிப்பது கையில் இருந்த தடயத்தை அழிப்பதுதான். மலிவான ரீடர்கள் பல இஞ்சின் கோட்களை மட்டுமே வாசிக்கும். அதில் ஒன்றும் வரவில்லை என்றால் ஸ்டியரிங்கில் பிழை இல்லை என்று ஆகாது. 'யு' என்று தொடங்கும் கோட் வந்தால் மொடியூலுக்குத் தகவல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வேகத் தகவலைக் கொடுக்கும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) பக்கம் பிழை இருந்தாலும் ஸ்டியரிங் லைட் எரியும்.

லைட் எரியாமல் ஸ்டியரிங் மட்டும் பாரமாக இருந்தால் டயர் காற்றையும் ஸ்டியரிங் தண்டின் ஜொயின்ட்டையும் பாருங்கள். ஒடுக்கமான ஒழுங்கையில் முழுதாக முறித்து முறித்துத் திருப்பினால் மோட்டர் சூடாகி உதவி குறையும். ஆறியதும் திரும்பி வரும். அது பழுதில்லை.

மின்னும் ஏர்த்தும் தகவலும் சரியாக இருந்து, மொடியூலின் உள்பிழையைச் சொல்லும் கோட் அழித்த பிறகும் திரும்பி வந்தால் மட்டும் மொடியூலைக் கழற்றுங்கள். பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும், அங்கே ஏர்பேக் இருக்கிறது. தண்டைக் கழற்றியபின் ஸ்டியரிங் வளையம் சுழல விட்டால் வளையத்தில் உள்ள ஏர்பேக்குக்கும் ஹோர்னுக்கும் மின் கொண்டுபோகும் ஸ்பைரல் கேபிள் அறுந்துவிடும். மாற்று மொடியூல் கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகச் சரிவராது, பாக இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். பூட்டியதும் சக்கரம் நேராக, ஸ்டியரிங்கில் கை படாமல், டோர்க் சென்சரின் (கை எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்று அளப்பது) பூச்சிய நிலையை ஸ்கேனரால் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கார் ஒரு பக்கம் தானாக இழுக்கலாம்.