தென்னாப்பிரிக்க அஞ்சலகத்தில் விசாரிப்பதும் புகார் செய்வதும்: புதிதாக வந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் தமிழர்களுக்கு, ஊரிலிருந்து அனுப்பிய பார்சல் வரவில்லையே என்று அஞ்சலகத்தில் விசாரிக்க வேண்டிய தேவை விரைவிலேயே வந்துவிடுகிறது. தபால்காரர் வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார் என்று இங்கே எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அரசுக்குச் சொந்தமான தென்னாப்பிரிக்க அஞ்சலகம், கடன் சுமை தாங்க முடியாமல் 2023 ஜூலையில், நொடித்த நிறுவனத்தை மூடிவிடாமல் சீரமைக்கும் வணிக மீட்பு நடவடிக்கைக்கு உட்பட்டது. அதையொட்டிப் பல கிளைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தனர். ஆகவே, கைப்பேசி வரைபடத்தில் தெரியும் கிளை இன்னும் இயங்குகிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. வணிக வளாகங்களில் காணப்படும் போஸ்ட்நெட் கடைகள் தனியாருடையவை. அரசு அஞ்சலில் வந்த பார்சலைப் பற்றி அங்கே கேட்பதில் பயனில்லை.

புகாரை யார் கொடுக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். பார்சல் உங்களுக்கு வர வேண்டியதாக இருந்தாலும், அதற்குக் கட்டணம் கட்டியவர் அனுப்பியவரே. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி, தொலைந்த பொருளுக்கான இழப்பீடும் பொதுவாக அனுப்பியவருக்கே உரியது. அவர் விட்டுக்கொடுத்தால்தான் பெறுபவருக்கு வரும். எனவே மதுரையிலிருந்து அனுப்பிய பார்சல் வரவில்லை என்றால், நீங்கள் டர்பன் கவுன்டரில் எவ்வளவு வாதாடினாலும், முறையான விசாரணையை உங்கள் வீட்டார் மதுரை அஞ்சலகத்திலேயே தொடங்குவதுதான் வேகமான வழி. இந்திய அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868. இலங்கையிலிருந்து அனுப்பியிருந்தால் அங்குள்ளவர்கள் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இந்த விசாரணையைத் தொடங்கிவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று பண்டிகைக்குப் பண்டிகை தள்ளிப்போட்டு, இந்தக் கெடுவைத் தவற விடுபவர்கள் நிறையப் பேர்.

எந்த நாட்டில் விசாரித்தாலும் முதலில் கேட்பது டிராக்கிங் எண்ணைத்தான். தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், முடிவில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என்று அது 13 இடங்களில் அமைந்திருக்கும். இந்தியாவிலிருந்து வந்ததென்றால் கடைசி இரண்டு எழுத்துகள் ஐ.என்.; தென்னாப்பிரிக்காவிலிருந்து போனதென்றால் இசட்.ஏ. அனுப்பிய அன்றே ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அந்த ரசீது மங்கிப்போகும் தாளில்தான் பெரும்பாலும் அச்சாகிறது.

முகவரியிலும் பெயரிலும் உள்ள பிழைகளே பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது என் கணிப்பு. இந்நாட்டு அஞ்சல் குறியீடு நான்கு இலக்கம் கொண்டது. பல இடங்களில் தெரு முகவரிக்கு ஒன்று, தபால் பெட்டிக்கு வேறொன்று என்று இரண்டு குறியீடுகள் உண்டு. டர்பன் நகர மையத்தின் தெரு முகவரிக்கு 4001, பெட்டிக்கு 4000. ஜோகன்னஸ்பர்க் மையத்தில் முறையே 2001, 2000. இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட எண்ணை எழுதாமல், உங்கள் முகவரிக்குரியது எது என்று வீட்டு உரிமையாளரிடமே கேட்டு எழுதுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் வீட்டு எண்ணும் வளாகத்தின் பெயரும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் உள்ளூர்க் கைப்பேசி எண்ணும் பார்சலின் மேல் இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயரோடு இனிஷியலைச் சேர்த்து அப்பா எழுதி அனுப்பியிருப்பார். உங்கள் பாஸ்போர்ட்டிலோ அந்த இனிஷியல் தந்தையின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கும். பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று குடும்பப் பெயர்களைப் பார்த்தே பழகிய கவுன்டர் ஊழியர், அடையாள அட்டையில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் கொடுக்கத் தயங்குவார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிராது. அந்த ஊழியரே தமிழ் வம்சாவளியினராக இருக்கலாம்; 1860-லிருந்து டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழியில் வந்தவர்களில் பலருக்கு ஆங்கிலமே வீட்டு மொழி என்பதால், பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

டிராக்கிங்கில் "சுங்கத்தில் உள்ளது" என்று காட்டினால், பொருள் வருவாய்த் துறையான சார்ஸின் சுங்கப் பிரிவில் இருக்கிறது. அங்கே விதிக்கப்படும் வரியைப் பற்றி அஞ்சலகத்திடம் முறையிட்டுப் பயனில்லை. பெறுபவர் கேட்காமலே ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு, ஒவ்வொன்றும் 1400 ராண்டுக்கு மேற்படாமல், ஓர் ஆண்டுக்கு இரண்டு பார்சல் வரை சுங்கச் சலுகைக்கு உரியது. மதுவும் புகையிலையும் இதில் சேரா. உள்ளே என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பதைச் சுங்கப் படிவத்தில் உள்ளபடி எழுதாமல் வெறுமனே "பரிசு" என்று முடித்துக்கொள்வதே பார்சல் தேங்குவதற்கு வழி செய்கிறது. விதைகளுக்கும் கறிவேப்பிலைக் கன்றுக்கும் வேளாண் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வந்து பறிமுதலானால் இழப்பீடு கேட்க முடியாது.

இங்கிருந்து நீங்கள் அனுப்பியது தொலைந்தால் புகார்தாரர் நீங்களே. அஞ்சலகத்தின் வாடிக்கையாளர் சேவை எண் 0860 111 502. பேசும்போது புகாருக்கென ஒரு குறிப்பு எண் கேட்டு வாங்காமல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். அதன் பிறகு அதே செய்தியை மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்: டிராக்கிங் எண், அனுப்பிய தேதி, கிளையின் பெயர், உள்ளிருந்த பொருள், அதன் மதிப்பு, நீங்கள் எதிர்பார்ப்பது தேடுதலா இழப்பீடா என்பது, ரசீதின் படம். கோபத்தை எழுதும் இடம் அதுவல்ல. கடிதத்தைப் படிப்பவருக்குக் கோப்பில் பதிய உதவும் விவரங்களே அதில் இருக்க வேண்டும். கவுன்டருக்கு நேரில் போனால் நகலொன்றில் முத்திரை பதித்து வாங்குவது வழக்கமான கோரிக்கைதான், தயங்காமல் கேட்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் பதில் வராவிட்டால், 1998-ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்போடு அஞ்சல் துறையையும் கண்காணிக்கும் ஐகாசா ஆணையத்துக்கு எழுதலாம். அதன் தலைமையகம் சென்சூரியனில் இருக்கிறது. அஞ்சலகத்திடம் முதலில் முறையிட்டீர்களா என்று அங்கே கேட்பார்கள் என்பதால், குறிப்பு எண்ணும் மின்னஞ்சல் நகலும் அப்போது கைகொடுக்கும். அரசு நிறுவனங்களின் நிர்வாகச் சீர்கேட்டை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் கட்டணமின்றிப் புகார்களை ஏற்கிறது. 0800 11 20 40 என்ற எண்ணில் அழைக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே முறையிட வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் ஒழிய அதற்குப் பிந்தியவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.