பெங்குவினைத் தொடும் முன் வாங்க வேண்டிய அனுமதி

அண்டார்டிக்காவில் ஒரு பறவையைக் கொல்வதற்கு மட்டுமல்ல, பிடிக்கவும் கையாளவும் அனுமதி கட்டாயம். அண்டார்டிக் உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான 1991 மாட்ரிட் நெறிமுறையின் இரண்டாம் இணைப்பு அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1978 அண்டார்டிக் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் அரசிதழில் வெளியாகி, பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் காத்திருக்கும். ஆகவே முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

எந்த விண்ணப்பத்திலும் நான் முதலில் தேடுவது எண்ணிக்கையைத்தான். ஐம்பது அடேலி பெங்குவின்கள் என்றால், முப்பது ஏன் போதாது? புள்ளியியல் காரணத்தை எழுதுங்கள். ரத்தம் எடுக்கிறீர்களா? எந்த நாளத்திலிருந்து, எத்தனை மில்லிலிட்டர், பறவை எவ்வளவு நேரம் கையில் இருக்கும், அதன் கண்ணை மறைப்பீர்களா, ஊசி போடுபவருக்கு என்ன பயிற்சி என்று விவரியுங்கள். 'உரிய கவனத்துடன்' என்ற சொற்றொடர் அந்தப் பறவைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

ராஸ் சீல் என்ற கடல் பாலூட்டி சிறப்புப் பாதுகாப்பு பெற்ற இனம். அதற்கு வலுவான அறிவியல் காரணம் தேவை. சீல்களுக்கு 1972 கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்ட அனுமதியும் தனியே வேண்டும். கேப் ராய்ட்ஸ் போன்ற சிறப்புப் பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைவதற்கும் அனுமதி கேளுங்கள். அதன் மேலாண்மைத் திட்டத்தை வரி விடாமல் படித்துவிடுங்கள்.