பீர் ஆலைகளின் பழைய விளம்பரக் குவளைகளைத் தேர்ந்து வாங்கும் முறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், எனாமல் பாத்திரங்களுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே, மூடியுடன் கூடிய ஜெர்மன் பாணி பீர் குவளை எப்போதாவது கண்ணில் படும். அதில் ஒரு பீர் ஆலையின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் சேகரிப்பவருக்கு அது தனி மதிப்புடையது. ஆனால் அந்தப் பெயரும் குவளையும் மூடியும் ஒரே காலத்தவையாக இருந்தால்தான் அந்த மதிப்பு நிற்கும். ஆகவே படத்தின் அழகில் மயங்குவதற்கு முன் இந்தப் பொருத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

முதலில் குவளையைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் படியுங்கள். ‘மேற்கு ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. மெட்லாக் நகரில் வில்லராய் அண்ட் போக் நிறுவனம் செய்த பழைய குவளைகளில், நிறுவன முத்திரையோடு வடிவ எண்ணும், பல வேளைகளில் ஆண்டைக் குறிக்கும் ஈரிலக்க எண்ணும் களிமண்ணிலேயே அழுத்தப்பட்டிருக்கும். அமெரிக்காவின் பட்வைசர் பண்டிகைக் குவளைகள் 1980 முதல் வெளிவந்தவை. அவற்றைச் சேகரிப்பதில் தவறில்லை, ஆனால் பழம்பொருள் விலை கொடுக்கக் கூடாது.

ஆலைச் சின்னத்தில் காணும் ஆண்டைக் குவளையின் வயதாகக் கொள்வதே பலரை ஏமாற்றுகிறது. முனிச் நகரின் ஸ்பாட்டன் ஆலை 1397ஐயும் ஹோப்பிராய் ஆலை 1589ஐயும் தங்கள் தொடக்க ஆண்டாகக் கொள்பவை; நேற்றுச் செய்த குவளையிலும் அந்த ஆண்டுகள் இருக்கலாம்.

அடுத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே அளவுக் கோடும் அதனருகே லிட்டர் அளவும் உள்ளனவா என்று பாருங்கள். மதுக்கடைகளில் ஊற்றும் அளவு குறையாதிருக்க, 1880களில் ஜெர்மனியில் சட்டப்படி நடைமுறைக்கு வந்த குறி இது. கோடே இல்லாத குவளை, அலங்காரத்துக்கோ ஏற்றுமதிக்கோ செய்யப்பட்டதாக இருக்கக்கூடும்.

மூடியைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பியூட்டர், அதாவது நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் போலவே வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட உலோகம். கைப்பிடியைச் சுற்றிய பட்டை தளர்ந்திருந்தாலோ, கீலருகே புதிய பற்றவைப்பு தெரிந்தாலோ, மூடியிலுள்ள ஆலைச் சின்னம் குவளையிலுள்ளதோடு ஒவ்வாதிருந்தாலோ, அது வேறொரு குவளையின் மூடியாக இருக்கலாம். அத்தகைய குவளையை வாங்குவதானால் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.

ஜாடி வாங்கும் ஆச்சிமார் செய்வதுபோல விரல் கணுவால் மெல்லத் தட்டினால், விரிசல் இருக்கும்போது ஓசை மழுங்கிக் கேட்கும். மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். கள்ள நோட்டைக் கண்டறியும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், பிசின் வைத்து ஒட்டிய இடங்களும் மேற்பூச்சுகளும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் பித்தளைக்குச் செய்வதுபோல மூடியைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். காலத்தால் படிந்த சாம்பல் நிறம் அதன் வயதுக்குச் சான்று. மென்மையான ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். தூக்கும்போது ஒரு கை அடியைத் தாங்கட்டும். மூடியைப் பிடித்து ஒருபோதும் தூக்கலாகாது.

வெளிநாட்டில் விற்கும் எண்ணமிருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை முன்கூட்டியே கவனியுங்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த கைவினைப் பொருள்கள் அதன் வரம்புக்குள் வரக்கூடும். தொல்பொருள் என வகைப்படுத்தப்பட்டதைத் தனியார் ஏற்றுமதி செய்ய அச்சட்டம் இடந்தருவதில்லை.