எஸ்.எம்.பி.எஸ். அடிக்கடி போகிறதா? பெட்டியை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

சேலத்தில் ஓரளவு பழைய அலுவலகம் எதற்குள் நுழைந்தாலும், பீரோவுக்குப் பின்னால் நாலைந்து எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்தத் தகரப் பெட்டி போய்விட்டால் சர்வீஸ்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் புதியதைப் போட்டுவிட்டுப் போவார். சில மாதங்களில் அதே மேஜையிலிருந்து மறுபடியும் அழைப்பு வரும். ஒரு பெட்டி ஒருமுறை போனால் அதைப் பெட்டியின் குறை என்று விட்டுவிடலாம். ஒரே மேஜையில் மூன்றாவது பெட்டியும் போகிறது என்றால் அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதைச் செய்பவர்கள் குறைவு. புதுப் பெட்டி வாங்குவது சுலபம், எலக்ட்ரீஷியனைப் பிடிப்பது கடினம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கழற்றிய பெட்டியைக் குறிப்பு ஏதுமில்லாமல் மூலையில் போடுவது முதல் தவறு. அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்: எந்த மேஜை, என்ன தேதி, எத்தனை மணி, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. நாலு பெட்டி சேர்ந்ததும் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். எல்லாமே ஏப்ரல், மே மாதப் பிற்பகல்கள் என்றால் வெப்பம். இடி மழைக்கு மறுநாள் என்றால் மின்னல். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்த நிமிடம் என்றால், மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்ச்சி.

திங்கட்கிழமை காலைக் கோளாறு தனி வகை. ஞாயிறு முழுவதும் சுவிட்ச் அணைக்கப்பட்டுக் குளிர்ந்து கிடந்த பெட்டி, திங்கள் காலை நாலைந்து முறை பட்டனை அழுத்தினால்தான் உயிர் பெறும். சூடான பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். 'ஓடுகிறதே' என்று விட்டுவிடுவார்கள். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. குளிரில் அவற்றின் உள்தடை கூடுவதால் தொடக்கத்தில் திணறுகின்றன. அந்தப் பெட்டியை உங்களுக்கு வசதியான ஒரு நாளில் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அது தனக்கு வசதியான நாளில் போகும். ஆடிட்டர் அலுவலகங்களில் அந்த நாள் பெரும்பாலும் மாதத்தின் 20-ஆம் தேதியாக, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளாக அமைந்து தொலைக்கும்.

மின்தடை நாளில் செய்யும் தவறு இன்னொன்று. கரண்ட் போனதும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறோம். சுவர் சுவிட்சுகள் எல்லாம் போட்டபடியே இருக்கும். மின்சாரம் திரும்பும்போது அந்த வட்டாரத்துப் பம்பு செட்டுகள், ஏ.சி.க்கள், தறிகள் எல்லாம் ஒரே கணத்தில் இழுக்கும். மின்னழுத்தம் இறங்கும், துள்ளும், ஒருமுறை போய் மறுபடி வரும். முன்கூட்டியே சுவிட்சை அணைத்துவைத்து, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போட்டால் போதும். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் 'மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது' என்ற ஒரு தேர்வு இருக்கும். அதை 'அணைந்தே இரு' என்று வைத்துவிட்டால், பத்துக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் தாமாக எழுந்து சுமை மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சைத் தட்டிவிடுவதும் நிற்கும்.

நியூட்ரலும் எர்த்தும்

எஸ்.எம்.பி.எஸ். கொத்தாகச் சாவது பெரும்பாலும் மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் விட்டுப்போவதால்தான். மூன்று பேஸ் இணைப்பில் மின்சாரம் கொண்டுவரும் ஒவ்வொரு பேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே 400. மீட்டர் போர்டிலோ கம்பத்திலோ நியூட்ரல் இணைப்பு துருவேறித் தளர்ந்தால், இந்த 400 வோல்ட் இரு பக்கத்துச் சுமைகளுக்கிடையே தாறுமாறாகப் பங்கிடப்படும். சுமை குறைவான பேஸில் மின்னழுத்தம் 300-ஐத் தாண்டிப் போகும். 230 வோல்ட்டிலேயே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதன்மைக் கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்குகிறது. உள்ளே வருவது 350 ஆனால் அங்கே 495 ஆகும். சாதாரணப் பெட்டியில் அவை 400 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. கொஞ்சம் நல்லதில் 450. அதற்குமேல் வெடிப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

இதற்கு முன்னறிவிப்பு உண்டு. ஒரு அறையில் டியூப்லைட் பளீரென்று எரியும், அடுத்த அறையில் மங்கும். ஒரு மின்விசிறி பறக்கும், இன்னொன்று தள்ளாடும். 'வோல்டேஜ் ஏறி இறங்குகிறது' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே மெயினை அணைக்க வேண்டும். நியூட்ரல் விட்ட இடம் மீட்டருக்கு முன்னால் என்றால் மின்வாரியத்தின் வேலை, அதன் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம். மீட்டருக்குப் பின்னால் என்றால் உங்கள் எலக்ட்ரீஷியன் வேலை.

இங்கே ஸ்பைக் பஸ்டரை நம்புவது வீண். அதற்குள் இருக்கும் சிறு வில்லை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் துள்ளலை விழுங்குவதற்கானது. நிமிடக்கணக்கில் நிற்கும் 350 வோல்ட்டில் அதுவே கருகிவிடும். பேஸ் ஒவ்வொன்றையும் கண்காணித்து, அளவு மீறினால் துண்டிக்கும் மின்னழுத்த ரிலேயை மெயின் போர்டில் பொருத்துவதே பலன் தரும். பத்து மேஜை உள்ள அலுவலகத்தில் அதன் செலவு, ஒரு கெட்ட நாளில் போகும் பெட்டிகளின் விலையைவிடக் குறைவு.

எர்த் விஷயத்தில் அலட்சியம் இன்னும் அதிகம். கம்ப்யூட்டரின் வெளிக்கூடான கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று லேசாக இழுக்கிறதா? 'அது அப்படித்தான் இருக்கும்' என்று செருப்புப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இருக்கும் வடிகட்டி, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் தகர உடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்களை இணைத்திருக்கிறது. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் தகர உடல் 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். ஆகவே அந்தச் சுரீர், சுவரில் எர்த் இல்லை என்பதற்கான அறிவிப்பு. அதே வழியாக மண்ணுக்குப் போக வேண்டிய மின்னல் துள்ளலுக்கும் போக்கிடம் இல்லை என்பது அதன் பொருள்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடும்போது. பேஸ்–நியூட்ரல் 230 அளவில் இருக்க வேண்டும், பேஸ்–எர்த் ஏறக்குறைய அதே, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பேஸ்–எர்த் 150, 170 என்று அலைந்தால் அங்கே எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். மீட்டர் அளவு அழகாக வரும். பிறகு ஒருநாள் நியூட்ரல் விட்டால் அலுவலகத்தின் எல்லாக் கேபினெட்டுகளிலும் பேஸ் ஏறி நிற்கும். அப்படிச் செய்தவரை மறுபடி உள்ளே விடாதீர்கள்.

ஏற்காட்டில் இது இன்னும் சிக்கல். சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறையால் ஆனது. பல இடங்களில் மண் சில அடிகள்தான். எர்த் குழி தோண்டப் போனவர் பாறை தட்டியதும் நிறுத்திவிடுவார், உப்பும் கரியும் போட்டு மூடிவிடுவார். மழைக்காலத்தில் ஈரத்தில் வேலை செய்யும், மார்ச் வந்தால் காய்ந்துவிடும். கோடை இடி மழை சரியாக அதன் பின்னேதான் வருகிறது. எஸ்டேட் அலுவலகங்கள் ஒரே ஆழக் குழியை நம்பாமல், இடைவெளி விட்டு இரண்டு மூன்று மின்முனைகளைப் பதித்து ஒன்றாக இணைக்க வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

மின்னல் வருவது மின்கம்பி வழியாக மட்டும் என்று நினைப்பதும் தவறு. அலுவலகத்திலிருந்து காபிப் பழம் அரைக்கும் கூடத்துக்கோ மேலாளர் பங்களாவுக்கோ மரங்களின் மேல் இழுத்துவிட்ட லேன் கேபிள் நல்ல ஏரியல். அதில் ஏறும் துள்ளல் மதர்போர்டைத் தாக்கும். மதர்போர்டில் ஷார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். எழாது. சர்வீஸ்காரர் பெட்டியை மாற்றுவார், புதியதும் எழாது. கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கேபிள் போட்டால் அந்த வழி அடைபடும், கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. மூடுபனி வேறு இருக்கிறது. இரவு ஜன்னலைத் திறந்துவைத்தால் பெட்டிக்குள் படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காலையில் சுவிட்ச் போட்டதும் 'டப்'.

பெட்டி செத்ததா, நடிக்கிறதா

பட்டனை அழுத்தினால் அசைவில்லை என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் வேறு பிளக் பாயின்ட், வேறு பவர் கார்டு. அடுத்து யூ.எஸ்.பி. சாமான்கள் அனைத்தையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். முள் நசுங்கிய ஒரு யூ.எஸ்.பி. துளை ஷார்ட் ஆகி முழுக் கம்ப்யூட்டரையும் எழவிடாமல் வைத்திருக்கும். பிறகு பெட்டியை மட்டும் தனியாகச் சோதிக்கலாம். அது வெளியே தரும் 12 வோல்ட் வரிசை 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் சரியாகக் காட்டி, சுமை ஏறியதும் தொங்கிவிடும் பெட்டிகள் உண்டு. ஆகவே விசிறி சுற்றுவதைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

அட்டையில் போட்ட வாட்டை நம்பி வாங்குவது அடுத்தது. கேபினெட்டோடு வந்த பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஓரத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். இன்றைய கம்ப்யூட்டர் தன் சக்தியில் பெரும்பங்கை 12 வோல்ட்டில்தான் எடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டர் சாதாரண வேலையில் 100 வாட்கூட இழுக்காது. ஆகவே உண்மையான 300, 350 வாட் உள்ள, மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் முத்திரை பெற்ற பெட்டி தாராளம். மலிவுப் பெட்டியில் நுழைவு வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டுதான் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரிந்துவிடும்.

'யூ.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனால் ரீஸ்டார்ட் ஆகிறது' என்ற புகாருக்கும் பல நேரம் இதுவே காரணம். சாதாரண யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்ட் போல எடுக்கும். தரமான எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையிலும் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். முதன்மைக் கெப்பாசிட்டரில் காசை மிச்சம் பிடித்துச் செய்த பெட்டியால் அது முடியாது. குற்றவாளியை விட்டுவிட்டு யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றுகிறார்கள். 600 வி.ஏ. யூ.பி.எஸ். என்றால் சுமார் 360 வாட்தான் என்பதையும் மறந்து, அதிலேயே லேசர் பிரின்டரைச் செருகுவதும் வழக்கம். பிரின்டரின் சூடேற்றும் உருளை ஒவ்வொரு முறையும் பல நூறு வாட் இழுக்கும். அதை நேரே சுவரில் செருகுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டினால், பின்னால் இருக்கும் தேர்வு சுவிட்ச் 'யூ.பி.எஸ்.' பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூசியைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாப்பேட்டை, குகை தறிக்கூடங்களை ஒட்டிய அலுவலகங்களில் பஞ்சு இழை எஸ்.எம்.பி.எஸ். விசிறியில் மெத்தையாகப் படிகிறது. வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் வெள்ளைத் தூள். லாரி புக்கிங் ஆபீஸ்களில் கேபினெட் தரையில், வாசலைப் பார்த்தபடி. கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே கேபினெட்டை ஒரு சாண் உயர்த்தி வைப்பதே லாபம். பிளோயர் அடிக்கும்போது விசிறியை ஒரு குச்சியால் நிறுத்திப் பிடியுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். அறைக்குள் அடித்தால் தூசி பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்குக் குடிபெயரும், அவ்வளவுதான். வெள்ளிப் பட்டறைகளில் அமில ஆவி பின்களில் பச்சை பூக்கச் செய்யும். அங்கே கம்ப்யூட்டரைத் தனி அறைக்கு மாற்றுவதைத் தவிர வேறு மருந்தில்லை.

பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்க வேண்டாம். கார்டைப் பிடுங்கிய பிறகும் முன்னே சொன்ன 325 வோல்ட் சிறிது நேரம் தங்கியிருக்கும். பழைய பெட்டிகளின் பின்புறம் 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் உண்டு. கூட்டித் துடைக்கும்போது துணி பட்டு 115-க்கு நகர்ந்தால் அடுத்த முறை போட்டதும் வெடிக்கும். அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். டெல், எச்பி, லெனோவா அலுவலக மாடல்கள் பலவற்றில் இணைப்பான்கள் தனி வகை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி நேரடியாகப் பொருந்தாது, அழுத்திச் செருகிப் பார்க்கக் கூடாது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பெட்டி என்றால், பழைய பெட்டியின் கேபிளைப் புதியதில் மாட்டாதீர்கள். பெட்டிப் பக்க முனை செருகப் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் கருகினால், பெட்டியை மாற்றித் தருவார்கள். கணக்குகளை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.