கடற்கரை மணலுக்கு ஜிம்னி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், இன்ஸ்கிப் முனையில் கார்களை ஏற்றும் படகு வந்து அணையும் கரைக்குச் சற்று முன்னால் உள்ள இளகிய மணலில், சுசுகி ஜிம்னி என்ற சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றாவது அச்சு வரை புதைந்து நிற்பதைக் காணலாம். அங்கிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில், 2023 வரை ஃப்ரேசர் தீவு என்ற பெயரில் இருந்த கர்ரி தொடங்குகிறது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவுதான் உலகின் மிகப் பெரிய மணல் தீவு. புதைந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், நாங்கள் இந்த மணலுக்கு வரத் தொடங்கிய காலத்தில் செய்யப்பட்ட அதே தவறுகள், இப்போது இன்னும் அதிக விலையில் செய்யப்படுவது தெரிகிறது.

அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கடல் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கரையில் ஓட்டக் கூடாது, டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதும், அதில் மாற்றங்கள் செய்யும்போதும் பணத்தைக் கொடுத்து வாங்கப்படும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இலேசான வண்டியைக் கனமான வண்டியாக மாற்றுவது

2018-இல் வெளிவந்த மூன்று கதவு ஜிம்னியின் எடை, கியர் வகையைப் பொறுத்து, 1,075 முதல் 1,090 கிலோ வரை. மணலில் அதற்கு உள்ள பெரிய பலம் அதுதான். இரண்டரை டன் வண்டி அமிழ்ந்துபோகும் இடத்தில் இது மேற்பரப்பின் மீதே நகர்ந்துவிடும். அதன் 1.5 லிட்டர் எஞ்சின் தருவது 75 கிலோவாட் மட்டுமே. அந்தச் சிறிய எஞ்சினால் மணலைக் கடக்க முடிவது, வண்டி இலேசாக இருக்கும் வரைதான். ஆனால் வண்டி வாங்கிய முதல் ஆறு மாதத்திற்குள் பலரும் செய்வது, அந்தப் பலத்தைக் காசு கொடுத்துத் தொலைப்பதே.

வண்டி, ஆட்கள், பொருட்கள் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோ. எனவே ஏற்றக்கூடிய சுமை ஏறத்தாழ 350 கிலோ. அதில் இரண்டு பெரியவர்கள் ஏறியதும் 150 கிலோ போய்விடுகிறது. இரும்பு முன்பம்பரும், அதன் மேல் புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் சேர்ந்து அறுபது கிலோவைத் தாண்டும். கூரைத் தட்டும் கூரைக் கூடாரமும் எழுபது, எண்பது கிலோ. இரண்டாவது பேட்டரி, சிறிய குளிர்பெட்டி, உணவு, நாற்பது லிட்டர் தண்ணீர், மண்வெட்டி, புதைந்த சக்கரத்தின் கீழ் வைக்கும் மீட்புப் பலகைகள் ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டே போனால், சட்டம் வகுத்த எல்லையை வண்டி வீட்டு வாசலிலேயே தாண்டிவிடும். இதைவிடக் கவலை தரும் விஷயம், ஜிம்னியின் கூரை தாங்குவதற்கு நிறுவனமே குறித்திருக்கும் எல்லை 30 கிலோ மட்டும் என்பது. பெரும்பாலான கூரைக் கூடாரங்கள் தனியாகவே அதைவிடக் கனமானவை. குட்டையான, குறுகலான ஒரு வண்டியின் உச்சியில் அந்தச் சுமை இருக்கும்போது, கடற்கரையில் ஓடைகள் அறுத்துவிட்ட படிகளில் சக்கரம் இறங்கினால், வண்டி கவிழ்வதற்கு அதிக வேகம் தேவைப்படாது.

சென்ற விடுமுறையில் இன்ஸ்கிப்பில் நாங்கள் இழுத்துவிட்ட ஒரு ஜிம்னியில் இவை எல்லாமே இருந்தன. அதை ஓட்டி வந்த தம்பி, வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்காகச் செலவழித்திருந்தார். அவர் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, எந்த மாற்றமும் செய்யாத இன்னொரு ஜிம்னி, நிறுவனம் போட்டுக் கொடுத்த டயர்களோடு, அதே தடத்தில் நிற்காமல் கடந்து சென்றது. பிறகு அவர் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது, எல்லையைவிட நூறு கிலோவுக்கும் மேல் கூடுதலாக இருந்தது. அவருக்கு அந்தப் பொருட்களை விற்ற கடையில் ஒருவர்கூட எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல்.

அந்த வண்டியைப் புதைத்ததில் டயர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. நிறுவனத்தின் 195/80 ஆர் 15 டயரை எடுத்துவிட்டு, 235/75 ஆர் 15 அளவில், சேற்றுக்கான ஆழமான பட்டைகளும் லாரி வகைத் தடித்த பக்கச்சுவர்களும் கொண்ட டயர்களைப் போட்டிருந்தார். இதன் விட்டம் சுமார் 40 மில்லிமீட்டர் அதிகம். அதாவது ஒவ்வொரு கியரும் ஆறு சதவீதம் அளவுக்கு நீண்டுவிடுகிறது. ஏற்கெனவே திணறும் எஞ்சினுக்கு அது பெரும் சுமை. ஆழமான பட்டைகள் சேற்றில் பிடிமானம் தருவது உண்மைதான். மணலில் அவை தோண்டும் வேலையை மட்டுமே செய்கின்றன. எல்லாவற்றிலும் மோசமானது அந்தப் பக்கச்சுவர். காற்றைக் குறைக்கும்போது டயர் நெகிழ்ந்து, தரையைத் தொடும் பரப்பு நீள வேண்டும் என்பதே மணலில் ஓட்டுவதன் அடிப்படை. கனரக வண்டிக்காகச் செய்யப்பட்ட சுவர், ஒரு டன் வண்டியின் கீழ் எவ்வளவு காற்றை இறக்கினாலும் விறைப்பாகவே நிற்கும். கடற்கரைதான் உங்கள் நோக்கம் என்றால், நிறுவனத்தின் டயரையோ, 215/75 அளவில் பயணிகள் வண்டிக்குரிய மெல்லிய சுவருள்ள டயரையோ வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல காற்றழுத்தக் கருவிக்கும் கம்ப்ரசருக்கும் செலவிடுங்கள்.

பெரிய வண்டிக்காரரின் காற்றழுத்தத்தைப் பின்பற்றுவது

லேண்ட் குரூசர் வைத்திருக்கும் நண்பர் "இருபது போதும்" என்பார். அவருடைய வண்டிக்கு அது சரி. தார்ச்சாலையிலேயே ஜிம்னியின் டயரில் இருக்க வேண்டிய அழுத்தம் சுமார் 26 பிஎஸ்ஐதான். அதை இருபதுக்கு இறக்கினால் டயர் நெகிழ்வது கண்ணுக்கே தெரியாது. ஜிம்னிக்குப் பதினைந்தில் தொடங்கி, மணல் மிக இளகியிருந்தால் பன்னிரண்டு வரை போகலாம். அந்த அழுத்தத்தில் திடீரென்று வளைத்தால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும் என்பதால், திருப்பங்களை அகலமாகவும் மெதுவாகவும் எடுக்க வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும், அடுத்த ஊர் வரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே காற்றை நிரப்பிவிட வேண்டும்.

லோ ரேஞ்சைப் பாறைகளுக்கென்று ஒதுக்கி வைப்பது

ஜிம்னியின் எஞ்சின் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எட்டுவதே 4,000 சுழற்சியில்தான். இளகிய மணலில் ஹை ரேஞ்சில், அதாவது வழக்கமான கியர் வரிசையில், தவழ்ந்து கிளட்ச்சைக் கருக்குபவர்கள், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்சைப் போட்டிருந்தால் அதே இடத்தைச் சீராகக் கடந்திருப்பார்கள். மேலும் லோ ரேஞ்சில், வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடும் வேலை செய்கிறது. மணலுக்குள் இறங்குவதற்கு முன்பே, வண்டி நிற்கும் நிலையில், லீவரை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்து கதவு இருப்பதால் அதிகம் ஏற்றலாம் என்று நம்புவது

இந்தியாவில் குருகிராமில் தயாராகி ஆஸ்திரேலியாவுக்கு வரும் ஐந்து கதவு ஜிம்னியின் அச்சிடைத் தூரம் 2,250-இலிருந்து 2,590 மில்லிமீட்டராகக் கூடியிருக்கிறது. எனவே கடற்கரையின் அலைவரிகளில் அது மூன்று கதவு வண்டியைவிட நிலையாக ஓடும். வண்டியின் சொந்த எடையும் கூடியிருப்பதால், ஏற்றக்கூடிய சுமை ஏறத்தாழ பழைய அளவே. இடம் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பிவிடாதீர்கள்.

உயர்த்துவது

மணலுக்கு 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி போதுமானது. ஸ்பிரிங்குகளை உயர்த்தும்போது முன்சக்கரங்களின் சாய்கோணம் குறைந்து, வேகத்தில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். பிறகு அதைச் சரிசெய்யத் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்நோர்க்கல்

எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய் இது. கடல்நீருக்குள் இறங்கக் கூடாத வண்டிக்கு அது எதற்கு?

சக்கரங்களை வெளியே தள்ளும் ஸ்பேசர்

தீவின் உட்பாதைகளில் உள்ள தடங்கள் அகலமான வண்டிகள் ஏற்படுத்தியவை. ஜிம்னியின் ஒரு பக்கச் சக்கரங்கள் தடத்திலும் மறுபக்கச் சக்கரங்கள் மேட்டிலும் ஏறி, வண்டி சாய்ந்தே ஓடும். இது தொல்லைதான். ஆயினும் ஸ்பேசர் இங்கே சட்டவிரோதம். கடற்கரையும் சட்டப்படி சாலையே. உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது முதல் எல்லா விதிகளும் அங்கே பொருந்தும். வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கோடு போராடாமல் தடத்தின் போக்கில் விடுவதே வழி.

டோ பாலில் பட்டையை மாட்டி இழுப்பது

ஒருபோதும் செய்யாதீர்கள். ட்ரெய்லரை மாட்டும் அந்த உருண்டை முறிந்து பறந்து உயிரைப் பறித்திருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்ட, தாங்குதிறன் குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கிகளை முன்னும் பின்னும் போடுங்கள். ஜிம்னிக்கு வாங்க வேண்டிய முதல் பொருள் இதுவே.

வண்டியின் மேற்பகுதியை மட்டும் கழுவுவது

உப்பு தங்குவது சேஸிஸ் சட்டத்தின் உள்ளறைகளிலும், பின் அச்சின் மேற்புறத்திலும், பிரேக் குழாய்கள் ஓடும் இடுக்குகளிலும்தான். முதல் பயணத்துக்கு முன்பே அடிப்பகுதிக்குத் துருவைத் தடுக்கும் லானோலின் பூச்சு அடித்துவிடுங்கள். வீடு திரும்பிய அன்றே, புல்வெளியில் நீர் தெளிக்கும் சுழற்குழாயை வண்டியின் அடியில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, இடையிடையே முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். அழுத்தக் குழாயால் அடிப்பதைவிட இதுவே மேலானது. அழுத்தம் உப்பையும் மணலையும் இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும்.